கரண்ட் வந்ததும்

கேட்டின் கொண்டியைத் தூக்கும்போதே மோகனப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது, மறுபடியும் ஏறியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் திருப்பதி ஹாஸ்டலுக்கு பஸ் ஏறியபோது அண்ணன் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தது சோறு வடிக்கும் சத்தம் போல ஒரு சன்னமான இரைச்சல். இப்போது வாசல் வரைக்கும் கேட்டது. நெல் மெஷின் ஓடுகிற வீடு மாதிரி. புத்தூர் எல்லையில், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட வருகிற வண்டிகள் திரும்புகிற சாலையோரத்தில் இருந்தது வீடு. ஹாரன் சத்தத்தையும் மீறி அது கேட்டது என்றால் முழு வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம்.

கன்னையா முறத்தில் விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முறத்தைக் கொஞ்சம் நகர்த்தி வழி விட்டார். அவ்வளவுதான் வரவேற்பு.

"யார் நைனா தொட்டது அத?"

"யாரு தொடுவாங்க. வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத. மொதல்ல கால கழுவிக்கினு போ."

"கரண்டு போச்சா இந்த வாரம்?"

"போகவே இல்ல. அதிசயமாத்தான் கீது. காத்தடிச்சா கரண்ட இழுத்துக்குவான், காத்தே இல்ல."

அவள் கால் கழுவவில்லை. நேராக அண்ணன் அறைக்குப் போனாள். கதவு நிலையில் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மா கட்டிவிட்டுப் போன வேப்பங்கொத்து காய்ந்து தொங்கியது. உள்ளே சூளைக்குள் நுழைந்தது மாதிரி அனல். மேலே சிமெண்ட் ஷீட், வெளியே வைகாசி வெயில், நடுவில் இது. மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த கிராபிக்ஸ் கார்டின் மூன்று விசிறிகளும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. அவள் குனிந்து பார்க்கக்கூட இல்லை. சுவரில், பிளக் பாயிண்டுக்கு மேலே உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. பிளக்கைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு மூலை உருகி வழிந்து நின்றிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, தரையில், சுருட்டி வைத்த பாயும் தலையணையும். அம்மா இங்கேதான் படுக்கிறாள். வேறெங்கும் படுக்க மாட்டேன் என்கிறாள்.

அவள் இறக்கி வைத்துவிட்டுப் போன வேகம் மறுபடி ஏறுவது இது முதல் தடவை இல்லை. மூன்று வாரமாக இதே கதை. பேய் பிசாசு என்று பேசுகிறவர்களைக் கண்டால் ப்ரியாவுக்கு எரிச்சல் வரும். சுந்தரம்மா ஒருநாள் "பொட்டிக்குள்ள புள்ள உசுரு சுத்திக்கினு கீதுடி" என்றபோது, "அப்ப உங்க வீட்டு மிக்ஸில யாரு அத்த சுத்துறது?" என்று கேட்டதில், அந்தம்மா ஒரு மாதம் பேசாமல் இருந்தது. ஆனால் இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவளே நினைத்திருந்தாள்: போனதும் ஏறியிருக்குமோ. அப்படி நினைத்ததற்கே தன் மேல் கோபம் வந்தது.

ஹேமநாத்துக்கு புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. இன்டர், அதாவது பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவன். தங்கை டிகிரி முடிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தான் என ஊரில் சொல்வார்கள். பொய். அவனுக்குப் படிக்கப் பிடிக்கவில்லை, விட்டான். ஆனால் செத்தவன் விட்டதெல்லாம் விட்டுக்கொடுத்ததாகிவிடுகிறது, இருப்பவள் வாங்கியதெல்லாம் பிடுங்கியதாகிவிடுகிறது. அந்தக் கார்டைச் சென்னையில் பழசாக வாங்கி வந்தான். யாரோ இரவும் பகலும் பிட்காயின் மாதிரி இணையக் காசு தோண்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட கார்டு. "இத்தினி நாளா காசு தோண்டுச்சு, இனிமே கொஞ்சம் புண்ணியம் தோண்டட்டும்" என்று சிரித்தான். உலகம் முழுக்க இப்படிச் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்களை ஆராய்ச்சிக்காரர்களுக்கு இரவல் கொடுக்கிறார்கள். பெரிய கணக்கைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புவார்கள். கணக்கு முடிந்து போகும், அடுத்த துண்டு வரும். கூலி கிடையாது. பேருக்கு எதிரே புள்ளிகள் ஏறும், அவ்வளவுதான்.

என்ன கணக்கு என்று அம்மா சந்திரம்மா கேட்டபோது, புரதம் மடங்குகிற கணக்கு என்று சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. "முட்ட வெள்ளக்கரு கீது இல்ல, அது மாதிரிம்மா. உடம்புக்குள்ள அது எப்டி மடியுதுன்னு பாக்கணும். ஒழுங்கா மடியலன்னாத்தான் நோவு வருது." அதற்குமேல் சந்திரம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. முட்டை வெள்ளைக்கருவையும் பச்சிலையையும் துணியில் தடவி மூங்கில் பத்தையோடு மடித்துக் கட்டுவதைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரி. தன் பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகத்துக்குக் கட்டுப் போடுகிறான் என்று நம்பினாள். திரையில் நடுங்குகிற வண்ண உருண்டைகளைக் காட்டி, "இப்ப யாருக்கு கட்றான்?" என்று ப்ரியாவிடமே கேட்டிருக்கிறாள்.

அப்படிப்பட்டவன் ஒரு எலும்புகூட உடையாமல் செத்துப்போனான். நகரி பக்கம் ஒரு லாரி உரசிவிட்டது. கை கால் எல்லாம் அப்படியே இருந்தது, தலைக்குள்தான் போய்விட்டது. எலும்பு உடைந்தவர்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து நடந்து திரும்புகிற சாலையில், உடையாத பிள்ளையை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்றைக்கு வீடு முழுக்க ஆள். அறையில் அந்தப் பெட்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் ஏற்றிய விளக்கைக் கருமாதி வரைக்கும் அணைய விடாமல் அந்த அறையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கருமாதியன்று விளக்கை மலையேற்றினார்கள். பெட்டியை அணைக்கப் போன சித்தப்பாவின் கையைச் சந்திரம்மா பிடித்துக்கொண்டாள். "அது அவன் ஏத்துனது. அவன் அணைக்கல."

அன்றிலிருந்து ஓடுகிறது. கரண்ட் போனால் நிற்கும், வந்ததும் தானாக எழுந்துகொள்ளும். கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்டர் போட்டு வைப்பது மாதிரி, கரண்ட் வந்ததும் ஆன் ஆகும்படி ஹேமநாத்தே அதை அமைத்து வைத்திருந்தான். கரண்ட் இல்லாத நேரமெல்லாம் சந்திரம்மா அந்த வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். அது எழுந்து இரைகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

கருகல் வாடை வந்த அன்று ப்ரியா எலெக்ட்ரீஷியன் சிரஞ்சீவியைக் கூட்டி வந்தாள். அவன் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஏமி மாமா இதி, வயரா, வெளக்குத் திரியா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கன்னையாவைக் கேட்டான். சுவருக்குள் ஓடுவது பழைய சன்ன வயர். வோல்டேஜ் இறங்க இறங்க இது இன்னும் அதிகமாக இழுக்கும், லூஸ் காண்டாக்ட் சூடேறும். சுவரை வெட்டிப் புதுசு இழுக்க ரெண்டு மூணு நாள் மெயினை அணைக்கணும் என்றான். சந்திரம்மா முடியாது என்றாள். பெட்டியை வேறு அறைக்கு மாற்றலாம் என்றான். அதுவும் முடியாது. போகும்போது வாசலில் ப்ரியாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, நான் பயமுறுத்தல. அந்தம்மாவ அங்க படுக்க வுடாதீங்க."

அதற்குப் பிறகுதான் அவள் அண்ணன் இருந்த, கம்ப்யூட்டர் இரவல் தருகிறவர்களின் இணையக் குழுவுக்குள் நுழைந்தாள். அவன் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் அவன் ஒன்றைத்தான் வைத்திருந்தான். அவன் பேருக்கு எதிரே புள்ளிகள் ஏறிக்கொண்டே இருந்தன. செத்து இத்தனை மாதத்தில் எத்தனையோ உயிரோடிருப்பவர்களைத் தாண்டிப் போயிருந்தான். கார்டு குறைவாகக் கரண்ட் இழுக்க என்ன செய்வது என்று அவன் பேரிலேயே கேள்வி போட்டாள். தங்கை என்று எழுத நினைத்தாள். எழுதவில்லை. எதையும் முகத்துக்கு நேரே சொல்லுகிறவள் என்று பேரெடுத்தவள், அந்த ஒரு வரியை மட்டும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒருவர் பதில் போட்டார்: ஹேமு, எவ்வளவு நாளாயிற்று உன் குரல் கேட்டு, திரும்பி வந்தாயே, சந்தோஷம். பவர் லிமிட் என்று ஒன்று இருக்கிறது, நூறில் இருப்பதை அறுபதுக்கு இறக்கு. வேலை கொஞ்சம்தான் குறையும், சூடு பெரிய அளவில் இறங்கும். ப்ரியா நன்றி என்று அடித்தாள். ஹேமுவாகவே.

கன்னையாவிடம், மோட்டார் வால்வைப் பாதி மூடுவது மாதிரி என்று விளக்கினாள்.

"வால்வ மூடுனா மோட்டாரு சூடாவும். அதுகூட தெரியாமத்தான் படிச்சியா?"

"சரி, பஸ்ஸுன்னு வெச்சிக்கோ. முறுக்கிக்கினு போறவன் டீசல குடிப்பான். நெதானமா போறவனும் ஊருக்குத்தான் போய்ச் சேருறான்."

"அப்டி சொல்லு," என்றார். பிறகு, யாரிடமோ சொல்வது மாதிரி, "அவனும் நெதானமாத்தான் போனான்" என்றார்.

அம்மாவிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள். அந்த வீட்டில் அழுகிறவர்களுக்குத்தான் பேச்சில் மரியாதை. சுவரைத் தொட்டுச் சூடு பார்க்கிறவளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பேர். சந்திரம்மா வெளியே போயிருந்த நேரத்தில் லிமிட்டை இறக்கினாள். சத்தம் சட்டென்று தணிந்து, வீடு ஏதோ மறந்துபோனது மாதிரி ஆயிற்று.

இன்றைக்கும் இறக்க வேண்டியதுதான். ஆனால் யார் ஏற்றுகிறார்கள் என்று தெரியாமல் இறக்கி என்ன பயன். மெஷினை அணைத்து ஆன் செய்தால் லிமிட் அழிந்து மறுபடி நூறுக்குப் போய்விடும், அது அவளுக்குத் தெரியும். கரண்ட் போகவில்லை என்கிறார் நைனா. பின்னே எப்படி? எதற்கும் இறக்கி வைத்துவிட்டு, ரெண்டு வாய் தின்றுவிட்டு நடுவீட்டில் படுத்தாள். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தணிந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சந்திரம்மா பாத்திரம் கழுவிவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மகள் தூங்குகிறாளா என்று குனிந்து பார்த்தாள். அவள் மூச்சில் வெற்றிலை வாசம் வந்தது. பிறகு அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்ததால் ப்ரியாவுக்கு எல்லாம் தெரிந்தது. அம்மா சுவருக்கு முன்னால் நின்று, உள்ளங்கையை பிளக்குக்கு மேலே சுவரில் வைத்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது மாதிரி. தலையை ஆட்டிக்கொண்டாள். சுவிட்சை அணைத்தாள்.

விசிறிகள் ஓய்ந்தன. அந்த நிசப்தத்தில் வெளியே நைனா கடலை உடைக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. சந்திரம்மா சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை. உதடு அசைந்தது. எண்ணுகிறாளா, கூப்பிடுகிறாளா தெரியவில்லை. பிறகு சுவிட்சைப் போட்டாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. உள்ளே ஏதோ 'டிக்' என்றது, ஒரு வெளிச்சம் வந்தது, விசிறிகள் புரண்டு எழுந்தன, சத்தம் ஏறி ஏறிப் பழையபடி முழு வேகத்துக்குப் போய் நின்றது. சந்திரம்மாவின் முகத்தை ப்ரியா பக்கவாட்டில்தான் பார்த்தாள். அண்ணன் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் அடுப்பைப் பற்றவைக்க எழுந்திருப்பாளே, அந்த முகம்.

ப்ரியா எழுந்து போய் வாசலில் நின்றாள். "எத்தினி நாளா இந்த வேல?"

சந்திரம்மா திடுக்கிடவில்லை. "நீ வந்துட்டு போனா அவன் கொரலு கம்மியாய்டுது. கடைசி மூச்சு இழுக்குறாப்புல இழுக்குது. என்னா பண்ணிட்டு போறியோ."

"நாந்தான்மா கம்மி பண்ணேன். சொவரு எரியுது. நீ பக்கத்துலயே படுத்துக்கினு கீற."

"அவன்தான் சொல்லிக் குடுத்தான். எது ஆனாலும் பயப்படாதம்மா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியாப் பூடும்னு. டிவிக்கும் அதான், போனுக்கும் அதான்."

"தெனம் பண்றியா?"

சந்திரம்மா திரையில் உருண்டைகள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, குற்றம் சாட்டுகிற குரலே இல்லாமல் சொன்னாள்: "அங்க ஆஃப் பண்ணாங்களே. ஒருத்தராவது திரும்ப ஆன் பண்ணிப் பாத்தாங்களா?"

 திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் இங்கிலீஷில் பேசியபோது, நைனாவும் சித்தப்பாவும் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். 'படிச்ச பொண்ணு, நீ கேளும்மா' என்று ப்ரியாவை முன்னால் தள்ளினார்கள். அவள் கேட்டாள். மூளையில் ஒன்றுமில்லை, மெஷின்தான் மூச்சு விடுகிறது என்றார். எல்லாம் புரிந்தது அவளுக்கு, ஒவ்வொரு வார்த்தையும். மெஷினை நிறுத்தலாமா என்றதற்குச் சரி என்று சொன்னவள் அவள்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று பேனர் கட்டாத குறையாகப் பீற்றிக்கொண்டார்களே, அந்தப் படிப்புக்கு வீட்டில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை அது. இதுவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் கத்தி.

"நவுரு," என்றாள். "நான் பாக்குறேன்."

"அணைக்கப் போறியா?"

"நவுரும்மா."

மெஷினை மறுபடி தொடக்கி, அது முழுசாக விழிப்பதற்கு முன்னால் வருகிற அமைப்புப் பக்கத்துக்குள் போனாள். தேடினாள். இருந்தது. கரண்ட் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்கிற வரி. எதிரே, ஆன் ஆகு. அண்ணனின் விரல் வைத்த வரி. இதை ஆஃப் என்று மாற்றினால் போதும். நாளைக்கு அம்மா சுவிட்சை அணைத்துப் போடுவாள், எதுவும் எழுந்திருக்காது. நாலு தடவை போட்டுப் பார்ப்பாள். அழுவாள். அப்புறம் நடுவீட்டில் படுப்பாள். சிரஞ்சீவி சுவரை வெட்டுவான். உயிரோடு இருக்கிறவர்களுக்கு எது நல்லதோ அது. யாரையும் கேட்க வேண்டியதில்லை, சரி என்று வாயால்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றினாள். ஆஃப்.

"ப்ரியா," பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டாள். "நீயும்தானே எளச்சிப் போய்ட்ட. ஆஸ்டல்ல ஒழுங்கா துன்றியா இல்லியா?"

அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் செத்த பிறகு அம்மா அவளைப் பற்றிக் கேட்கிற முதல் கேள்வி அது. எழுத்துகள் கலங்கின. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி அந்த வரியை மாற்றினாள். சேமித்து வெளியேறினாள். பிறகு, மெஷின் ஒவ்வொரு தடவை எழும்போதும் லிமிட் தானாக அறுபதில் வந்து நிற்கும்படி, இத்தனை நாளாய் செய்யத் தோன்றாத அந்த ஒரு வேலையையும் செய்து முடித்தாள்.

"இனிமே ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் மொதல்ல கொஞ்ச நேரம் கத்துவான், அப்புறம் அடங்கிடுவான். பயப்படாத. அது நோவு இல்ல," என்றாள். கத்தும் என்னாமல் கத்துவான் என்று சொன்னது சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

"ஊருலருந்து வந்தவன் சாப்ட்டு படுத்துக்குற மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

சந்திரம்மா சுவரில் கை வைத்துப் பார்த்தாள். மகளின் கையை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். இன்னும் சூடு இருந்தது, ஆனால் கையை எடுத்துக்கொள்ளத் தோன்றுகிற சூடில்லை. வெளியே பொழுது சாய்ந்திருந்தது. திடீரென்று தென்னை மட்டைகள் உரசின. மலைப் பக்கமிருந்து மண்வாசத்தோடு காற்று கிளம்பி வந்தது. கன்னையா முறத்தை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்து, "காத்தே இல்லன்னு சொல்லி வாய மூடல" என்றார். அவர் சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

அறை இருண்டது. விசிறிகள் இறங்கி ஓய்ந்தன. சந்திரம்மா எப்போதும் போல வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். ப்ரியா கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பை கட்டவில்லை. ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசியாக அந்த வரியில் என்ன வைத்தோம்? ஆன் என்று மாற்றியது நினைவிருக்கிறது. கண் கலங்கியதும் நினைவிருக்கிறது. ஒரு தடவை அழுத்தினோமா, ரெண்டு தடவை அழுத்தினோமா. ரெண்டு தடவை என்றால் அது ஆஃபில்தான் நிற்கும். எழுந்து போய்ப் பார்க்கவும் முடியாது. கரண்ட் வந்தால்தான் தெரியும்.

நைனா முறத்திலிருந்து ஒரு பிடி கடலையை எடுத்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை. ப்ரியாவும் வாங்கவில்லை. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடலையை முறத்திலேயே போட்டார்.

மழை பெய்யவில்லை. காற்று மட்டும் அடித்துவிட்டு அடங்கியது. சாலையில், கையைக் கட்டி மாட்டிக்கொண்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ மெதுவாகப் போயிற்று. அப்போது தெருக்கோடியில் யார் வீட்டிலோ டிவி பேச ஆரம்பித்தது. சுந்தரம்மா வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. நடுவீட்டு ஃபேன் முனகிக்கொண்டு முதல் சுற்றைச் சுற்றியது. சந்திரம்மா ப்ரியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஃபேன் காற்று பட்டு, அறைக்கதவு நிலையில் காய்ந்து தொங்கிய வேப்பங்கொத்து மெல்ல ஒருமுறை திரும்பியது. உள்ளே அந்த 'டிக்' சத்தம் இன்னும் வரவில்லை, இருட்டாகத்தான் இருந்தது.